'அஞ்சு நிமிஷம்' என்றால் எவ்வளவு நேரம்? கம்ப்யூட்டர் பொழுதுபோக்கும் குடும்ப அமைதியும்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திறங்கும் நாளில் குடும்பமே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கல்யாண போட்டோக்களைப் பார்ப்பார்கள், ஊரில் இருக்கும் தம்பியுடன் வீடியோவில் பேசுவார்கள், பிள்ளைகள் படம் வரைவார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒருவர்தான் இருப்பார். மற்றவர் சமையலறை வாசலில் நின்று, "என்னங்க, சாப்பாடு ஆறிப் போகுது" என்பார். "இதோ வந்துட்டேன்மா, அஞ்சு நிமிஷம்" என்று பதில் வரும். அந்த ஐந்து நிமிடம் எப்போது முடியும் என்று இருவருக்குமே தெரியாது.

கணவர்தான் எப்போதும் குற்றவாளி என்று நினைத்துவிட வேண்டாம். பிரதிலிபி தளத்தில் தொடர்கதை எழுதும் மனைவிக்காகக் கணவர் காபிக்குக் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. யார் உட்கார்ந்தாலும் சிக்கல் ஒன்றுதான். பொழுதுபோக்கை விட்டுவிடாமல், வீட்டிலும் மனக்கசப்பு வராமல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். இதற்கான வசதிகளில் பலவும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே உள்ளன. தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை.

ஷிப்ட் ஊர்களின் சிக்கல்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் துவாக்குடி. அந்தப் பக்கம் முழுவதும் தொழிற்சாலைகள்தான். பெல் நிறுவனம், துப்பாக்கித் தொழிற்சாலை, சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள சிறு சிறு பேப்ரிகேஷன் பட்டறைகள் என்று வரிசையாக இருக்கின்றன. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கி, 2003-ல் என்.ஐ.டி. ஆன கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. கல்லூரிக்குப் பக்கத்து ஊர் என்பதால் கம்ப்யூட்டர் என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதல்ல.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அலுவலகம் போகிறவர் வீட்டில் மாலை என்பது எல்லோருக்கும் ஒரே மாலைதான். ஷிப்ட் வேலை செய்பவர் வீட்டில் அப்படி இல்லை. இந்த வாரம் இருவருக்கும் பொதுவாக மாலை கிடைக்கும். அடுத்த வாரம் அவர் வீடு திரும்பும்போது மனைவியும் பிள்ளைகளும் தூங்கியிருப்பார்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்கும் பகல் நேரத்தில்தான் வீட்டின் மற்ற வேலைகள் எல்லாம் நடக்கும். ஆக, இருவரும் விழித்திருந்து சேர்ந்திருக்கும் நேரமே குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் கம்ப்யூட்டர் கை வைக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

அந்தச் சண்டையைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். "எப்பப் பாரு அந்தப் பெட்டி முன்னாடியே" என்று சொன்னாலும், மனதிலிருக்கும் குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. எப்போது முடியும் என்று தெரியவில்லை.
2. எவ்வளவு செலவாகிறது என்று தெரியவில்லை.
3. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு அதில் இடமும் இல்லை.

மூன்றிலும் "தெரியவில்லை" என்பதுதான் பொதுவாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் கேரம் ஆடிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் கணவர் மீது அவ்வளவு கோபம் வருவதில்லை. ஐந்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்காருபவர் மீதுதான் வருகிறது. எனவே பொழுதுபோக்கைக் குறைப்பதற்கு முன்னால், இந்த மூன்றையும் தெரியும்படி செய்திட வேண்டும்.

எவர்க்வெஸ்ட் சொல்லித் தந்த பாடம்

1999 மார்ச்சில் அமெரிக்காவில் 'எவர்க்வெஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியானது. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகத்தில் சேர்ந்து விளையாடும் வகை. சில ஆண்டுகளிலேயே, அதில் மூழ்கிப்போனவர்களின் மனைவிமாரும் கணவன்மாரும் இன்டர்நெட்டில் தங்களுக்கென ஒரு குழு அமைத்துக்கொண்டார்கள். குழுவிற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'எவர்க்வெஸ்ட் விதவைகள்'. துணை உயிரோடு பக்கத்து அறையில் இருக்கும்போதே இப்படி ஒரு பெயர் என்றால், அவர்களின் வருத்தத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இதற்குக் காரணம் விளையாடியவர்களின் குணம் மட்டுமல்ல. விளையாட்டு அமைக்கப்பட்ட விதமும்தான். பழைய சாலிட்டேர் விளையாட்டை எந்த நிமிடமும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம். எவர்க்வெஸ்டில் அது முடியாது. அதில் ஒரு குழுவில் 6 பேர் வரை சேர்ந்து விளையாடலாம். நடுவில் ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் தோற்றுப் போவார்கள். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்தாலும் அந்த உலகம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எழுந்து போவதே நண்பர்களுக்குச் செய்யும் துரோகம் போல் தோன்றும்.

இன்றைய ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் இதே வழியில்தான் அமைந்துள்ளன. எனவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பொழுதுபோக்கு எங்கே நிறுத்தக் கூடியது என்பதைத்தான்.

உங்கள் பொழுதுபோக்கு எந்த வகை?

எந்த நேரமும் நிறுத்தலாம்: போட்டோக்களை வரிசைப்படுத்துவது, கதை எழுதுவது, படம் வரைவது, டைப்பிங் பழகுவது, தனியாக ஆடும் விளையாட்டுகள். கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி பைலைச் சேவ் செய்திட்டால் போதும். இந்த வகையில் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல நியாயமே இல்லை. கூப்பிட்டதும் எழுந்திருக்கலாம்.

குறிப்பிட்ட நேரத்தில் தானே முடியும்: ஆன்லைன் செஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஆளுக்கு 10 நிமிடம் என்று வைத்து ஆடினால், ஓர் ஆட்டம் எப்படியும் 20 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். குழுவாகச் சுடும் விளையாட்டுகளில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை போகலாம். இவற்றில் பாதியில் எழ முடியாது என்பது உண்மை. ஆனால் எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். "இந்த ஆட்டம் எட்டேகாலுக்கு முடியும், அதோடு சரி" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கம்ப்யூட்டர்தான் வேலை செய்கிறது, நீங்கள் இல்லை: வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் கடைசியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்துவிட்டு, பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய பைல்களை டவுன்லோட் செய்பவர்களும் அப்படித்தான். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே நேரம்தான் ஆகும். எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.

முடிவே இல்லாதது: ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும் தளங்கள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் குட்டி வீடியோக்கள். இவற்றில் நிறுத்தும் இடம் என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. அதை நீங்கள்தான் ஏற்படுத்த வேண்டும். யூடியூப் வீடியோ ஓடும் கட்டத்தின் கீழே 'ஆட்டோபிளே' என்று ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அதை ஆப் செய்திடுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் திரை நின்றுவிடும். அடுத்ததை நீங்களாகத் தேடி எடுக்க வேண்டும். எழுந்திருக்க அந்த இடைவெளி போதும்.

ஷிப்ட் காலண்டரை இருவரும் பார்க்கும்படி வையுங்கள்

சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பேனாவால் ஷிப்ட் எழுதி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதையே கூகுள் காலண்டரில் செய்திடலாம். கம்ப்யூட்டரில் எழுதினால் இருவர் மொபைல் போனிலும் தெரியும்.

கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து, இடது பக்கம் 'அதர் கேலண்டர்ஸ்' என்பதற்கு அருகில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்திடவும். 'கிரியேட் நியூ கேலண்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'எங்கள் வீடு' என்று பெயர் கொடுங்கள். தமிழிலேயே டைப் செய்திடலாம். பிறகு அந்தக் காலண்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் குறிப்பிட்ட நபருடன் பகிரும் பகுதிக்குச் சென்று, உங்கள் துணையின் மெயில் முகவரியைக் கொடுக்கவும். பார்க்க மட்டும் அனுமதி தராமல், மாற்றி எழுதவும் அனுமதி கொடுத்திடுங்கள். ஒருவர் எழுத, மற்றவர் படிக்க மட்டும் என்றால் அது அறிவிப்புப் பலகை ஆகிவிடும்.

மூன்று வாரத்திற்கு ஒரு முறை சுற்றி வரும் ஷிப்ட் என்றால் ஒவ்வொரு வாரமும் எழுத வேண்டாம். நிகழ்ச்சியைப் பதியும்போது 'டஸ் நாட் ரிபீட்' என்று இருக்கும் இடத்தைக் கிளிக் செய்து, 'கஸ்டம்' எடுத்து, 3 வாரத்திற்கு ஒரு முறை என்று அமைத்திடலாம்.

ஷிப்ட் நேரங்களைப் பதிந்த பிறகு, இருவரும் விழித்திருந்து வீட்டில் இருக்கும் நேரம் எது என்று பாருங்கள். முதலில் அந்த நேரத்தை உங்கள் இருவருக்கும் என்று வேறு வண்ணத்தில் குறியுங்கள். மீதி இருப்பதில் அவர் பொழுதுபோக்கிற்குச் சில மணி நேரம், இவர் பொழுதுபோக்கிற்கும் அதே அளவு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகாத மனைவிக்கு நாள் முழுவதும் ஓய்வுதானே என்று கணக்குப் போட வேண்டாம். அவர் கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரத்தில் குழந்தைகளையும் அடுப்பையும் மற்றவர் பார்த்துக்கொண்டால்தான் அது அவருடைய நேரம்.

கம்ப்யூட்டரே எழுப்பி விடும்

உட்கார்ந்த பிறகு நேரம் போவது தெரியாது என்பது எல்லோரும் சொல்வதுதான். விண்டோஸ் 11-ல் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் நேரம் காட்டும் இடத்தைக் கிளிக் செய்திடவும். காலண்டர் விரியும். அதன் கீழே 'போகஸ்' என்ற பட்டனும், நிமிடங்களைக் கூட்டவும் குறைக்கவும் குறிகளும் இருக்கும். 45 நிமிடம் என்று வைத்துப் பட்டனை அழுத்தினால், திரையில் சிறிய கடிகாரம் ஓடத் தொடங்கும். நேரம் முடிந்ததும் அறிவிக்கும்.

இந்தக் கடிகாரம் உங்களுக்கு மட்டுமல்ல, அறைக்குள் வருபவருக்கும் தெரியும். இன்னும் 12 நிமிடம் என்று திரையே சொல்லும்போது, "எப்ப முடியும்?" என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அது முடிந்த பிறகு எழாமல் மறுபடி 45 நிமிடம் வைத்தால், அதற்கு விண்டோஸில் மருந்து கிடையாது.

இரவில் விழித்திருப்பவருக்குச் சில அமைப்புகள்

இரண்டு அறை வீட்டில் ஒருவர் தூங்க, மற்றவர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும்போது வெளிச்சமும் சத்தமும்தான் எதிரி. ஷிப்ட் முடித்து வந்தவருக்குத் தூக்கம் கெட்டால் அடுத்த நாள் இயந்திரத்தின் முன் அது ஆபத்து. காலையில் எழுந்து டிபன் கட்ட வேண்டியவருக்கும் தூக்கம் முக்கியம்.

வெளிச்சம்: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே சென்று 'நைட் லைட்' ஆன் செய்திடவும். திரை இளமஞ்சள் நிறத்திற்கு மாறும். எந்த நேரத்தில் தானாக மாற வேண்டும் என்றும் அமைத்திடலாம். மானிட்டரின் பிரைட்னஸையும் குறையுங்கள். கட்டிலைப் பார்த்தபடி மானிட்டரை வைக்க வேண்டாம். கட்டிலுக்கு மானிட்டரின் முதுகு தெரியட்டும்.

சத்தம்: ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போன் போடுங்கள். ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் குழந்தை அழுவது கேட்காது. ஒரு காது திறந்திருக்கட்டும். கேபினட்டின் பேன் சத்தம் அதிகம் என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் மின்சாரச் சிக்கனத்திற்கான நிலையைத் தேர்ந்தெடுக்கவும். சூடு குறைந்து பேனும் மெதுவாகச் சுற்றும். கேபினட்டைத் திறந்து தூசி தட்டினாலும் சத்தம் குறையும்.

தனித்தனி அக்கவுண்ட் எதற்கு?

ஒரே கம்ப்யூட்டரை இருவர் பயன்படுத்தும்போது வரும் எரிச்சல்கள் சிறியவை, ஆனால் தினமும் வருபவை. அவர் வைத்திருந்த ஐகானை இவர் நகர்த்திவிட்டார். இவர் திறந்து வைத்திருந்த டேப்களை அவர் மூடிவிட்டார். பாதி எழுதிய கதை காணாமல் போயிற்று.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்' சென்று, 'ஆட் அக்கவுண்ட்' மூலம் ஆளுக்கொரு அக்கவுண்ட் உருவாக்கிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி டெஸ்க்டாப், தனி டாகுமெண்ட்ஸ் போல்டர், தனி புக்மார்க் கிடைக்கும். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் தன் பெயரைக் கிளிக் செய்து நுழையலாம். உங்கள் பைல்கள் திறந்தபடியே காத்திருக்கும்.

இதில் ஒரு விஷயம். புதிதாகச் சேர்க்கும் அக்கவுண்ட் சாதாரண யூசராகத்தான் உருவாகும். புதிய சாப்ட்வேர் போட வேண்டும் என்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். குழந்தைகளுக்கு அது சரி. கணவன் மனைவிக்குள் அது சரியல்ல. அதே பக்கத்தில் அவர் பெயரைக் கிளிக் செய்து, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' மூலம் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்கிவிடுங்கள். தனி அக்கவுண்ட் என்பது அவரவர் பொருளை அவரவர் அலமாரியில் வைப்பது போன்றது. ஒளித்து வைப்பதற்கு அல்ல.

செலவைக் கணக்கில் எழுதுங்கள்

பொழுதுபோக்குச் செலவு ஒரே தொகையாகப் போவதில்லை. பிரிண்டர் மை, ஹெட்போன், மாதச் சந்தா, விளையாட்டிற்குள் வாங்கும் உடைகள், கிராபிக்ஸ் கார்டு என்று துண்டு துண்டாகப் போகும். கேட்டால், "பெரிசா ஒண்ணும் இல்லை" என்போம். எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸில் தேதி, பொருள், தொகை என்று மூன்று காலம் போட்டு எழுதிப் பாருங்கள். தொகை காலத்தின் கீழே 'ஆட்டோசம்' கொடுத்தால் கூட்டுத்தொகை வரும். கூகுள் ஷீட்ஸ் என்றால் 'ஷேர்' பட்டன் மூலம் துணைக்கும் அனுப்பிடலாம்.

தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களில் கவனம் தேவை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இவ்வாறு பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம். பார்க்காத தளத்திற்குச் சந்தா போகிறது என்றால் அங்கேயே ரத்து செய்திடுங்கள்.

மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் விளையாடும்போது 250 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்திற்கு 1 யூனிட். தினமும் அப்படி என்றால் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். யூனிட் கூடக் கூட, யூனிட்டின் விலையும் கூடும் என்பது வீட்டுக் கணக்கு பார்ப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் பொழுதுபோக்கிற்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதே தொகையை மற்றவர் பொழுதுபோக்கிற்கும் ஒதுக்குங்கள். அவர் அதைப் புடவைக்குச் செலவிட்டாலும் பூச்செடிக்குச் செலவிட்டாலும் கேள்வி கேட்க வேண்டாம்.

சேர்ந்து செய்திட ஒரு பொழுதுபோக்கு

மூன்றாவது குறை, "எனக்கு அதில் இடம் இல்லை" என்பது. உங்கள் விளையாட்டை அவர் மீது திணித்தால் இது தீராது. இருவருக்கும் வேலை இருக்கும் ஒன்றைத் தேடினால் தீரும். அதற்குத் தமிழிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன.

1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இலவசமாகத் தருவது நோக்கம். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, தங்கள் வீட்டில் உட்கார்ந்து டைப் செய்தார்கள். ஒருவர் டைப் செய்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இப்படி வளர்ந்ததே. அதைத் தொடக்கத்திலிருந்து வளர்த்த இ. மயூரநாதன் கட்டடக்கலை வல்லுநராக வளைகுடாவில் பணியாற்றியவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஓய்வு நேரத்தில் எழுதினார். ஓய்வு நேரம் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு இவை சாட்சி.

இன்று ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து செய்திட மிகப் பொருத்தமானது தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே ஸ்கேன் பக்கங்களாக ஏற்றப்பட்டுள்ளன. கம்ப்யூட்டர் அந்தப் படங்களைப் பார்த்து எழுத்துகளாக மாற்றித் தரும். ஆனால் பிழைகள் இருக்கும். திரையில் ஒரு பக்கம் ஸ்கேன் படமும், மறுபக்கம் எழுத்துகளும் தெரியும். ஒப்பிட்டுப் பார்த்துப் பிழை திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தி முடித்தால் மஞ்சள். இரண்டாவது ஒருவர் படித்துச் சரி என்று உறுதி செய்தால் பச்சை.

மஞ்சள் ஆக்கியவரே பச்சை ஆக்க முடியாது. அதற்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும். அவர் மாலையில் மஞ்சளாக்கிய பக்கத்தை, அவர் ஷிப்ட் போன பிறகு இவர் பச்சையாக்கலாம். ஒரே நேரத்தில் உட்கார வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் விட்ட ஒற்றை மற்றவர் கண்டுபிடித்து, சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கலாம். ஒரு பக்கம் என்பது சிறிய அளவு. முடித்ததும் எழுந்துவிடலாம். இருவரும் தனித்தனி பெயரில் பதிவு செய்திட வேண்டும். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பெயர்கள் என்றால் ஒரே ஆள் என்று மற்றவர்கள் சந்தேகப்படக் கூடும். எனவே இருவருடைய பயனர் பக்கத்திலும் நீங்கள் ஒரே வீட்டினர் என்று எழுதி வைத்திடுங்கள்.

புத்தகம் பிடிக்காதவர்களுக்கு கேமரா இருக்கிறது. துவாக்குடியில் இருப்பவர்களுக்குத் திருநெடுங்களம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் மலைக்கோயிலும் கல்லணையும் அரை நாள் பயணம்தான். ஸ்ரீரங்கம் பகுதியில் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-ல் திறக்கப்பட்டது. ஞாயிறு காலை இருவரும் போய்ப் படம் எடுத்து வாருங்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுத்துப் பெயரிட்டு போல்டர்களில் அடுக்கலாம். விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றினால் உலகில் யாரும் பயன்படுத்தலாம். வெளியே போய் வந்தது போலவும் ஆயிற்று.

எல்லை தாண்டினால்

மேலே சொன்னவை சாதாரண மனத்தாங்கல்களுக்கு. சில வீடுகளில் விஷயம் அதைத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதையும் சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. அதிக நேரம் விளையாடுவது மட்டும் நோய் அல்ல. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாவது, கெடுதல் நேர்ந்த பிறகும் விடாமல் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவில் நீடித்தால்தான் அது கோளாறு.

பணம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் இழந்த குடும்பங்களைத் தமிழ்நாடு கண்டது. 2022-ல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2023-ல் மாநிலச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் தளங்களுக்குள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்று தமிழக அரசு விதி வகுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றமே நிறைவேற்றியது. தடையைத் தாண்டி வெளிநாட்டுத் தளங்களுக்கு வழி காட்டும் லிங்க்குகள் வரும். கிளிக் செய்திட வேண்டாம்.

துணையிடம் தொகையை மறைப்பது, கடன் வாங்கி விளையாடுவது, தூக்கமின்றி வேலைக்குப் போவது ஆகியவை தெரிந்தால், சண்டை போட்டுத் தீர்க்க முயல வேண்டாம். மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இத்தகைய சிக்கல்களுக்கென்றே 2014 முதல் தனி சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால், வீட்டில் உள்ள மற்றவரே முதலில் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

இன்றே செய்திடக் கூடியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இன்று இரவு நான்கு வேலைகள் போதும்.

1. ஆளுக்கொரு அக்கவுண்ட். இருவரும் அட்மினிஸ்ட்ரேட்டர்.
2. யூடியூபில் ஆட்டோபிளே ஆப்.
3. அடுத்த மூன்று வார ஷிப்ட் காலண்டரில். இருவரும் சேர்ந்திருக்கும் நேரத்திற்குத் தனி வண்ணம்.
4. உட்காரும் முன் எத்தனை மணிக்கு எழுவேன் என்று சொல்வது. 'அஞ்சு நிமிஷம்' என்ற சொல்லுக்கு வீட்டில் தடை.

நான்காவதுதான் கடினம். முதல் வாரம் இரண்டு மூன்று முறை தவறும். தவறிய நாளில் துணை கோபித்துக்கொண்டால் விண்டோஸைக் குறை சொல்லாமல் எழுந்து சென்றுவிடுங்கள். சேவ் செய்திட்ட பைல் எங்கும் போகாது, நாளைக்கும் அங்கேயே இருக்கும்.